குழந்தை இறப்பு எண்ணுக்குப் பின்னால் இருக்கும் வீட்டைத் தேடிப் போவது எப்படி

நான் 27 வருடம் சிசு மரண விசாரணைக்குப் போனவள். ஒரு வயது முடிவதற்குள் ஒரு குழந்தை இறந்தால், அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டுப் படிவத்தை நிரப்புவது என் வேலை. வருடக் கடைசியில் அந்தப் படிவங்களை அடுக்கி, எந்தப் பகுதியில் எண் கூடுதல், எங்கே குறைவு என்று பட்டியல் போடுவதும் என் வேலைதான். முதல் வேலையைச் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். இரண்டாவதைத் தப்பாகச் செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியவே பத்து வருடம் ஆனது.

படிவத்தில் ‘இறப்புக்கான காரணம்’ என்று ஒரு கட்டம் உண்டு. நிமோனியா, வயிற்றுப்போக்கு, குறைமாதம், பிறந்தபோது மூச்சுத்திணறல் என்று ஏதாவது ஒன்றை அதில் எழுதுவோம். நிமோனியா எல்லா ஊரிலும் ஒரே நோய்தான். அது ஒரு பகுதியில் ஒரு குழந்தையைக் கொண்டுபோகிறது, பக்கத்துப் பகுதியில் ஐந்து குழந்தைகளைக் கொண்டுபோகிறது. ஏன் என்பதற்கு அந்தக் கட்டத்தில் பதில் இருக்காது. வீட்டின் அடுப்பு, தண்ணீர் எடுக்கும் தூரம், தாயின் வயது, ரோடு, கையில் இருந்த காசு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தப் பதில். இரண்டு பகுதிகளின் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு ‘ஏன் இந்த வித்தியாசம்’ என்று தேடப்போகும் புது ஊழியர்களுக்கும் மாணவர்களுக்கும் உள்ளூர் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் நான் கற்ற வழியை எழுதுகிறேன்.

முதலில் எண்ணையே சோதியுங்கள்

ஒரு வருடத்தில் உயிரோடு பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளுக்கும், முதல் பிறந்தநாளைப் பார்க்காமல் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதுதான் சிசு மரண விகிதம். உலக அளவில் 1990-ல் அது 65-ஐ ஒட்டி இருந்தது. 2022-ல் 28-ஐ ஒட்டி வந்துவிட்டது. கேட்க எளிமையான கணக்கு. ஆனால் அதற்குள் நாலு இடத்தில் பள்ளம் இருக்கிறது.

முதல் பள்ளத்தில் நானே விழுந்தேன். ஒரு வருடம் என் பட்டியலில் பெரிய ஆஸ்பத்திரி இருந்த பகுதிதான் மோசமாக வந்தது. ‘இப்பகுதித் தாய்மார்களிடம் விழிப்புணர்வு போதாது’ என்று அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டேன். பல மாதம் கழித்து வேறு ஒரு விஷயத்துக்காக அதே படிவங்களைப் புரட்டியபோதுதான் தாய்மார்களின் விலாசத்தைக் கவனித்தேன். பாதிக்கு மேல் சுற்றுவட்டாரத்து விலாசங்கள். முடியாத நிலையில் அங்கே தூக்கிக்கொண்டு வரப்பட்ட குழந்தைகள் அவர்கள். இறந்த இடத்தை வைத்து நான் எண்ணியிருந்தேன். அந்தப் பகுதித் தாய்மார்கள்மேல் நான் எழுதிய அந்த வரி இன்றும் ஏதோ ஒரு கோப்பில் இருக்கும் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. அதனால் சொல்கிறேன்: குழந்தை எங்கே இறந்தது என்பதை விட்டுவிட்டு, தாய் வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தை வைத்தே பிறப்பையும் இறப்பையும் எண்ணுங்கள். இரண்டையும் ஒரே மாதிரி எண்ண வேண்டும். பிறப்பை ஓரிடத்திலும் இறப்பை வேறிடத்திலும் சேர்த்தால் இரண்டு பகுதிகளின் கணக்கும் கெடும்.

இரண்டாவது, யாரை ‘உயிரோடு பிறந்த குழந்தை’ என்று எழுதுகிறார்கள் என்பது. மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புள்கொடியில் துடிப்பு, தசை அசைவு, இதில் ஒன்று இருந்தாலும் உயிருள்ள பிறப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோவியத் யூனியனில் 28 வாரத்துக்கு முன்பே பிறந்த, அல்லது 1000 கிராமுக்குக் குறைவான, அல்லது 35 சென்டிமீட்டருக்குக் குட்டையான குழந்தை ஏழு நாளைக்குள் இறந்தால் அதைக் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். எண் அழகாகக் குறைந்து தெரிந்தது. ஒரே நாட்டுக்குள்கூட ஓரிடத்தில் பத்து நிமிடம் மூச்சுவிட்ட குழந்தையைப் பிறப்பு என்றும், இன்னோரிடத்தில் ‘இறந்தே பிறந்தது’ என்றும் எழுதுவார்கள். ஆகவே சிசு மரணப் பட்டியலைப் பார்க்கும்போது, இறந்து பிறந்த குழந்தைகளின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மிகக் குறைவாகவும் மற்றது மிக அதிகமாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, விட்டுப்போன இறப்புகள். 28 நாளுக்குள் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு முதல் வாரத்திலேயே இறந்துவிடுகிறார்கள். உங்கள் பதிவில் அது பாதிகூட இல்லை என்றால், பெயர் வைப்பதற்கு முன்பே போன குழந்தைகள் பதிவேட்டுக்கு வரவில்லை என்று அர்த்தம். இன்னொரு அடையாளமும் உண்டு. எத்தனை மாதத்தில் இறந்தது என்று கேட்டால், துக்கத்தில் இருப்பவர்கள் ‘ஒரு வயசு’ என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். 10, 11, 13 மாதங்களில் ஒன்றிரண்டும், 12-ல் மட்டும் ஒரு குவியலும் இருந்தால், அந்தக் குவியலில் பல குழந்தைகள் ஒரு வயதைத் தொடாதவர்கள். அவர்கள் கணக்குக்கு வெளியே போய்விட்டார்கள். எண் குறைவாக இருக்கும் பகுதியைப் பாராட்டுவதற்கு முன்னால் இந்த இரண்டையும் பாருங்கள். மிக ஒதுக்கப்பட்ட இடங்களின் எண் சில சமயம் மிக நல்ல எண்ணாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

நான்காவது, சின்ன எண்ணின் ஆட்டம். ஒரு பகுதியில் வருடத்துக்கு 200 பிறப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 5, இரண்டு இறந்தால் 10. ‘இரட்டிப்பானது’ என்று எழுதலாம், உண்மையில் கூடியது ஒரு குழந்தை. ஐந்து வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள். அப்போதும் ஒரு கைக்கணக்கு போடுங்கள்: மொத்த இறப்பு 25 என்றால் அதன் வர்க்கமூலம் 5, அதன் இரு மடங்கு 10. அதாவது 15-லிருந்து 35 வரை எங்கே நின்றிருந்தாலும் அது வெறும் தற்செயலாக இருக்கலாம். பக்கத்துப் பகுதியின் எண் இந்த எல்லைக்குள் வந்துவிட்டால், வித்தியாசம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

நாலு நிறப் பென்சில்

என்னிடம் ஒரே ஒரு உத்தியை மட்டும் கேட்டால் இதைத்தான் சொல்வேன். பகுதியின் வரைபடத்தைக் கையால் வரைந்து, தெரு, ஓடை, ரோடு, சுகாதார நிலையம் எல்லாம் குறித்து, ஒவ்வொரு இறப்புக்கும் தாயின் வீடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். முதல் நாளில் இறந்தால் சிவப்பு. இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை ஆரஞ்சு. அங்கிருந்து 28 நாள் வரை பச்சை. அதற்குப் பிறகு ஒரு வயது வரை நீலம்.

சிவப்பும் ஆரஞ்சும் குவிந்தால் பிரசவ அறையைப் பாருங்கள், அதைவிட முக்கியமாகக் கர்ப்ப காலத்தைப் பாருங்கள். குறைமாதம், எடை குறைவு, பிறந்தவுடன் மூச்சு வராதது ஆகியவைதான் அங்கே பெரும்பாலும் இருக்கும். தாய்க்கு ரத்தச்சோகை இருந்ததா, கடைசி மாதத்தில் என்ன வேலை செய்தாள், மலேரியா உள்ள இடமா, கடும் வெயில் காலத்தில் குறைமாதப் பிரசவங்கள் கூடுகின்றனவா என்று கேள்விகள் போகும். பச்சை என்றால் தொற்று: தொப்புள்கொடியை எதனால் வெட்டினார்கள், அதன்மேல் என்ன வைத்தார்கள், குழந்தை வெதுவெதுப்பாக இருந்ததா, சீம்பால் கிடைத்ததா. நீலம் என்றால் வீடும் தெருவும்: நிமோனியா, வயிற்றுப்போக்கு, சத்துக்குறைவு, தூக்கத்தில் இறப்பு.

இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிவப்புப் புள்ளிக்கும் வீட்டுப் புகையும் பட்டினியும் காரணமாக இருக்கலாம், தாயின் உடல் வழியாக வரும். ஆனாலும் எங்கே தேடத் தொடங்குவது என்பதை நிறம் சொல்லிவிடும். ஒரு பகுதி முன்னேற முன்னேற நீலம் முதலில் குறையும், சிவப்பு பிடிவாதமாக நிற்கும். 2022-ல் உலகில் ஐந்து வயதுக்குள் இறந்த சுமார் 49 லட்சம் குழந்தைகளில் 23 லட்சம் பேர் முதல் 28 நாளுக்குள் இறந்தவர்கள். நீலம் கூடுதலாக இருக்கும் பகுதியில் புதுக் கருவி வாங்கி வைப்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் அந்தக் குழந்தைகளுக்கு உதவாது.

நிறம் எப்படிப் பேசும் என்பதற்கு அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சொல்லலாம். 1964-ல் இனப் பாகுபாட்டைத் தடை செய்த குடிமை உரிமைகள் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் அங்கே பல ஆஸ்பத்திரிகள் கறுப்பினக் குடும்பங்களை மற்றவர்களைப் போல உள்ளே அனுமதிக்க ஆரம்பித்தன. 1965-லிருந்து சில வருடங்களில் கறுப்பினக் குழந்தைகளிடம் 28 நாளுக்குப் பிந்தைய இறப்பு, அதிலும் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் நிகழ்ந்த இறப்பு, சரசரவென்று இறங்கியது. அந்த நோய்களுக்கு நேரத்தில் ஏற்றும் திரவமும் மருந்தும் போதும். அதே வீடு, அதே தண்ணீர்தான் அப்போதும். ஆஸ்பத்திரிக் கதவு திறந்தது. நீலப் புள்ளி என்றவுடன் தண்ணீரை மட்டும் பார்க்காமல், நோய் வந்த குழந்தையை யார் உள்ளே விடுகிறார்கள் என்றும் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

புள்ளிகளுக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதுங்கள். இங்கிலாந்தில் 1910-ல் 1000-க்கு 105 ஆக இருந்த விகிதம் 1911-ல் 130 ஆக ஏறி, 1912-ல் 95-க்கு இறங்கியது. 1911-ல் நீண்ட, வறண்ட, கடுமையான கோடை. வயிற்றுப்போக்கு குழந்தைகளை வாரிக்கொண்டு போனது. அதிலும் புட்டிப்பால் குடித்த குழந்தைகளைத்தான் அதிகம் தாக்கியது. வருட எண்ணை மட்டும் பார்த்தால் ‘இந்த வருடம் மோசம்’ என்பதோடு முடிந்துவிடும். மாதத்தைப் பார்த்தால் ஈயும் கெட்ட பாலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் கண்ணில் படும்.

அப்புறம் ஆணா பெண்ணா என்பது. இயற்கையில் முதல் வருடத்தில் ஆண் குழந்தைகள்தான் கொஞ்சம் அதிகமாக இறப்பார்கள். ஒரு பகுதியில் பெண் குழந்தைகள் அதே அளவு இறக்கிறார்கள் என்றாலே அது சமம் இல்லை, ஏதோ தவறு நடக்கிறது. இந்தியாவிலும் சீனாவிலும் பல பத்தாண்டுகள் இப்படித்தான் எண்கள் வந்தன. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதை ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். யாரையும் குற்றம் சாட்டாமலே விஷயம் வெளியே வந்துவிடும்.

வீட்டுக்குள் என்ன பார்ப்பது

நோயின் பெயரிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும். நிமோனியாவுக்கு முன்னால் என்ன, அதற்கு முன்னால் என்ன என்று. 1984-ல் மோஸ்லி, சென் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதை ஒரு வரைவாகவே போட்டுக் கொடுத்தார்கள். வறுமையும் கல்வியின்மையும் நேராகக் குழந்தையைக் கொல்வதில்லை; தாயின் வயதும் பிரசவ இடைவெளியும், சுற்றுப்புற மாசு, சத்துக்குறைவு, காயம், நோயைத் தடுப்பதிலும் பார்ப்பதிலும் உள்ள குறை ஆகிய வழிகளில்தான் வந்து சேர்கின்றன என்பது அதன் சாரம். ஒவ்வொரு வீட்டிலும் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் விசாரணை.

ஒரு வரிசை வீடுகளில் மூன்று வருடத்துக்குள் நாலு நீலப் புள்ளிகள் விழுந்தன. நாலு படிவத்திலும் நிமோனியா. நாலாவது வீட்டுக்குப் போனபோது மழை, அதனால் வெகு நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் என் கண் எரிந்தது. ஒரே அறை, ஒரே ஜன்னல், அதையும் மழைக்காக மூடியிருந்தார்கள். அடுப்பிலிருந்து கையெட்டும் தூரத்தில் குழந்தையின் படுக்கை. மேலே கூரை கன்னங்கரேல் என்று இருந்தது. அதற்கு முந்தைய மூன்று வீடுகளிலும் நான் வெளித் திண்ணையில் உட்கார்ந்தே படிவத்தை முடித்திருந்தேன். அதன் பிறகு எந்த வீட்டிலும், அவர்கள் அனுமதித்தால், அடுப்பு இருக்கும் இடத்தில்தான் உட்காருவேன். 2019-ல் உலகில் பிறந்த முதல் மாதத்தில் இறந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட 5 லட்சம் இறப்புகளுக்குக் காற்று மாசு காரணம் என்றும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீட்டு அடுப்புப் புகையால் என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்கும் விதம் முக்கியம். ‘வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறீர்களா’ என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள், கூடவே மனமும் சுருங்கிவிடும். ‘இன்றைக்குக் காலையில் தண்ணீர் யார் எடுத்து வந்தது, எத்தனை நடை, எவ்வளவு நேரம் ஆனது’ என்று கேளுங்கள். தண்ணீர் தூரமாக இருந்தால் குடிக்க எடுப்பார்கள், கை கழுவ மிச்சம் இருக்காது. தண்ணீரின் சுத்தத்தைப் பரிசோதிக்கும் பலர் அதன் அளவைக் கேட்பதே இல்லை. ‘நேற்று ராத்திரி இந்த அறையில் எத்தனை பேர் படுத்தீர்கள்’ என்று கேளுங்கள். ‘நெரிசலா’ என்று கேட்காதீர்கள். தரை மண்ணா சிமென்டா என்று கண்ணால் பாருங்கள். மெக்சிகோவின் கோவாவிலா மாநிலத்தில் 2000-ல் தொடங்கி ஏழை வீடுகளின் மண் தரைக்கு அரசு சிமென்ட் போட்டுக் கொடுத்தது. அந்த வீட்டுக் குழந்தைகளிடம் குடற்புழுவும் வயிற்றுப்போக்கும் ரத்தச்சோகையும் குறைந்ததைப் பின்னால் அளந்து பார்த்தார்கள்.

வீடு வீடாகப் போவது பழைய முறை என்று சிலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் குழந்தைகள் நலத்துறை 1912-ல் ஜூலியா லாத்ரப் தலைமையில் தொடங்கியது. அது செய்த முதல் பெரிய வேலையே பென்சில்வேனியாவின் ஜான்ஸ்டவுன் என்ற இரும்பு ஆலை நகரத்தில் 1911-ல் பிறந்த குழந்தைகளின் வீடுகளைத் தேடிப் போனதுதான். நகரத்தின் விகிதம் 134. ஆலையை ஒட்டிய ஒரு வார்டில் மட்டும் 271; மிக நல்ல வார்டைப்போல ஐந்து மடங்குக்கு மேல். குழாய்த் தண்ணீர் வீட்டுக்குள் வந்த குடும்பங்களைவிட, வெளியிலிருந்து தூக்கிவந்த குடும்பங்களில் இறப்பு மிகவும் கூடுதல். அப்பாவின் சம்பளம் ஏற ஏற விகிதம் இறங்கியது. தாய்மார்களின் அறியாமை என்று அதுவரை பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் சாக்கடையையும் சம்பளத்தையும் கொண்டுவந்து வைத்தார்கள், வீடு வீடாகப் போன அந்தத் துறையின் பெண்கள். என் வேலையில் மனம் தளர்ந்த நாட்களில் நான் நினைத்துக்கொள்வது அவர்களைத்தான்.

குழந்தை தூங்கும் இடத்தையும் கேளுங்கள், மெதுவாக. குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லும் பிரசாரத்தை நியூசிலாந்து 1991-ல் தொடங்கியது. தூக்கத்தில் இறக்கும் குழந்தைகள் நன்றாகவே குறைந்தார்கள். ஆனால் அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாவோரிக் குடும்பங்களில் அந்த அளவுக்குக் குறையவில்லை. குழந்தையோடு சேர்ந்து படுக்கும் குடும்பங்களிடம் ‘தனியாகப் படுக்க வையுங்கள்’ என்பது காதில் ஏறாத பேச்சு. பிறகு நாரில் பின்னிய சிறு கூடையைப் பெரியவர்களின் படுக்கைக்குள்ளேயே வைத்து அதில் குழந்தையைப் படுக்க வைக்கும் முறையை மாவோரி மக்களே உருவாக்கிப் பரப்பினார்கள். 2009-க்கும் 2015-க்கும் இடையில், பிறந்து ஒரு வாரம் தாண்டிய குழந்தைகளின் இறப்பு அந்த நாட்டில் 29 சதவீதம் குறைந்தது, குறைவு மாவோரிக் குழந்தைகளிடம்தான் அதிகம் தெரிந்தது. ஒரே அறிவுரை ஒரு பகுதியில் வேலை செய்து இன்னொரு பகுதியில் செய்யாவிட்டால், அறிவுரை அந்த வீட்டுக்குள் நுழைய முடிந்ததா என்று முதலில் பாருங்கள்.

தாயைப் பற்றி எழுதும்போது

படிப்பு, வயது, முந்தைய பிரசவத்திலிருந்து இடைவெளி, வேலை, கையில் காசு: இந்த ஐந்தையும் கட்டாயம் குறியுங்கள். 18 வயது நிறையாத தாய், முந்தைய பிரசவம் முடிந்து இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம் என்றால் குறைமாதத்துக்கும் எடைக்குறைவுக்கும் வாய்ப்பு கூடுகிறது.

படிப்பு எப்படி ஒரு குழந்தையைக் காப்பாற்றும் என்பது எனக்கு ஆரம்பத்தில் புரியவில்லை. ஜான் கால்ட்வெல் என்ற மக்கள்தொகை ஆய்வாளர் நைஜீரியாவின் இபடானில் செய்த வேலையை வைத்து 1979-ல் சொன்னது எனக்குப் பிடிபட்டது. படித்த தாய்க்குத் தெரிந்த விஷயம் கூடுகிறது என்பது ஒரு பக்கம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு வீட்டில் அவள் யாருடைய அனுமதிக்காகவும் காத்திருப்பது குறைகிறது, டாக்டரிடம் திருப்பிக் கேட்கிறாள் என்பது இன்னொரு பக்கம். 1986-ல் அவரே இலங்கை, கேரளம், கோஸ்டாரிகா மூன்றையும் எடுத்து, குறைந்த வருமானத்திலும் இறப்பைக் குறைத்த இடங்கள் என்று காட்டினார். பெண் படிப்பும், பக்கத்தில் கிடைத்த சுகாதார நிலையமும், அதைக் கேட்டு வாங்கிய மக்களும் அங்கே இருந்தார்கள். இந்திய அரசு மாதிரி வீடுகளில் எடுக்கும் பிறப்பு-இறப்புப் பதிவின் 2020 கணக்கில் இந்தியாவின் விகிதம் 28, கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43. ஒரே நாடு, ஒரே சட்டம்.

காசும் நேராக வேலை செய்யும். பிரேசிலில் 2003-ல் தொடங்கிய குடும்ப உதவித்தொகைத் திட்டம் நன்றாகப் பரவிய ஊர்களில், ஐந்து வயதுக்குள் சத்துக்குறைவால் நிகழ்ந்த இறப்பு சுமார் 65 சதவீதமும், வயிற்றுப்போக்கால் நிகழ்ந்தது 53 சதவீதமும் குறைந்ததாக 2013-ல் கணக்கிட்டார்கள்.

ஆனால் காசையும் படிப்பையும் சொல்லிவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்காவில் 2022-ல் வெள்ளையினக் குழந்தைகளின் விகிதம் 4.5, கறுப்பினக் குழந்தைகளின் விகிதம் 10.9. கல்லூரி படித்த பெற்றோரை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் இடைவெளி மறையவில்லை. பரம்பரையாக இருக்குமோ என்ற சந்தேகம் எழலாம். இல்லினாய் மாநிலத்துப் பிறப்புகளை வைத்து 1997-ல் வந்த ஓர் ஆய்வில், ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவுக்கு வந்த தாய்மார்களின் குழந்தைகளது எடை, அங்கேயே பிறந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளைவிட வெள்ளையினக் குழந்தைகளின் எடைக்குத்தான் நெருக்கமாக இருந்தது. ஒரு பெண் எந்த மாதிரி நடத்தப்பட்டு வளர்கிறாள் என்பது அவள் கருப்பை வரைக்கும் போகிறது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் பகுதியில் ஒதுக்கப்பட்ட சமூகம் எது என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீடுகளைத் தனியாகக் கூட்டிப் பாருங்கள், பகுதியின் சராசரிக்குள் அவர்கள் மறைந்துபோக விடாதீர்கள்.

“விடிஞ்சதும் போகலாம்னு இருந்தோம்”

இந்த வாக்கியத்தை நான் கேட்காத வருடம் இல்லை. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பதை ஆராய்ந்த தடியஸ், மெய்ன் இருவரும் 1994-ல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள்: போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். குழந்தை இறப்புக்கும் இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு படிவத்தின் ஓரத்திலும் மணிக்கணக்கோடு எழுதுங்கள். எப்போது முதல் அறிகுறி, எப்போது கிளம்பினார்கள், எப்போது சேர்ந்தார்கள், எப்போது யார் தொட்டுப் பார்த்தார்கள்.

ஒரு தாய் சொன்னதை மறக்க முடியாது. ராத்திரி பத்து மணிக்கே குழந்தைக்கு மூச்சு வாங்கியிருக்கிறது, கிளம்பியது காலை ஆறு மணிக்கு. நான் ‘முதல் தாமதம்’ என்று எழுதிவிட்டு மூடப் போனேன். “ஏம்மா ராத்திரியே போகலை?” என்று கேட்டேன். “போன தடவை ராத்திரியில போனப்ப, டாக்டர் இல்லை, காலையில வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க” என்றாள். மூன்றாவது தாமதம் ஒரு வருடம் முன்னாலேயே நடந்து முடிந்திருந்தது. இந்த முறை அது முதல் தாமதம் மாதிரி வேஷம் போட்டு வந்திருக்கிறது. அதனால் முடிவெடுக்கத் தாமதம் என்று எழுதும் முன், ‘இதற்கு முன் எப்போது போனீர்கள், என்ன நடந்தது’ என்று கேளுங்கள்.

தூரம் பெரிதாக உள்ள இடத்தில், கவனிப்பு வீட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி சாட்சி. அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிறந்த குழந்தையை வீட்டிலேயே போய்ப் பார்க்கவும், மூச்சு வராத குழந்தையை மீட்கவும், தொற்றுக்கு ஊசி போடவும் வைத்தார்கள். 28 நாளுக்குள் நிகழும் இறப்பு மூன்றாவது வருடத்தில் 62 சதவீதம் குறைந்ததை 1999-ல் வெளியிட்டார்கள். குறைமாதக் குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பற்றாத கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் 1978-ல், குழந்தையைத் தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் ஒட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பு தொடங்கியது. இரண்டும் ரோடு போடக் காத்திருக்கவில்லை, பணத்துக்காகவும் காத்திருக்கவில்லை.

ஒப்பிடும்போது

புகை, தூரம், படிப்பின்மை, வறுமை எல்லாம் ஒரே பகுதியில் சேர்ந்தே கிடக்கும். எது எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். நான் செய்வது இது: ஒரே அளவு ஏழ்மை உள்ள இரண்டு பகுதிகளை எடுத்து, அதில் எண் குறைவான பகுதிக்கு முதலில் போவேன். மோசமான இடத்தில் எல்லாமே காரணமாகத் தெரியும். ஏழையாக இருந்தும் குழந்தைகள் பிழைக்கும் இடத்தில், வித்தியாசமாக இருப்பது ஒன்றிரண்டுதான். அது ராத்திரியிலும் கதவைத் திறக்கும் ஒரு செவிலியாக இருக்கலாம், தெருமுனைக் குழாயாகவும் இருக்கலாம்.

பகுதிக்கு உண்மையானதை வீட்டுக்கு உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தொழிற்சாலைப் பகுதியில் இறப்பு கூடுதல் என்றால், இறந்தவை தொழிற்சாலை வேலையாட்களின் குழந்தைகள் என்று ஆகாது. புள்ளிகளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மலைப்பகுதியில் எடை குறைந்த குழந்தைகள் அதிகம் என்றால் தாயின் சாப்பாட்டைக் குறை சொல்வதற்கு முன் உயரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் பிறப்பு எடை சராசரியாக 100 கிராம் அளவுக்குக் குறையும்.

அறிக்கை எழுதும்போது ‘விழிப்புணர்வு இல்லை’ என்ற சொல்லை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. அதை எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்று ஆகிவிடும். ‘இந்த வரிசையில் ஒன்பது வீடுகளுக்குத் தலா ஒரே ஜன்னல், அடுப்பு உள்ளே’, ‘ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுகாதார நிலையத்தில் ஆள் இல்லை’ என்று எழுதுங்கள். அதைப் படிப்பவருக்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யாவிட்டால் அதுவும் தெரியும்.

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் இரண்டு வேலை பாக்கி இருக்கும். படிவத்தில் எழுதியதைத் தாய்க்குப் படித்துக் காட்டுங்கள். தவறாக எழுதியதை அவர்கள் திருத்துவார்கள். என் படிவங்களில் மணிக்கணக்குகள் பாதி அப்படித்தான் சரியாயின. அப்புறம், அவள் மறுபடி கர்ப்பமாக இருக்கிறாளா என்று தனியாகக் கேளுங்கள். குழந்தையை இழந்த வீட்டில் அடுத்த கர்ப்பம் பெரும்பாலும் சீக்கிரம் வரும், அதற்கு ஆபத்தும் கூடுதல். ஆமாம் என்றால் மாதத்தைக் குறித்துக்கொண்டு, அறிக்கை முடியும் வரை காத்திருக்காமல் அன்று சாயங்காலமே அந்தப் பகுதிச் செவிலியிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்.